பாஸ்போட்டுக்குள் வைத்த இருபது டொலர்

எங்கள் குடும்பம் முதன்முதலாகச் சுற்றுலாக் கப்பலில் ஏறியது, நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷத்து மார்ச் விடுமுறையில். கனடாவில், ஸ்காபரோ பிளாசா ஒன்றில் டிக்கெட் போட்டுத் தந்த அங்கிள் இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். கப்பலுக்குள் காசு செல்லாது, கழுத்தில் தொங்கும் 'காட்' அட்டையைக் காட்டினால் போதும், கடைசி நாள் கணக்கில் மொத்தமாகக் கழிப்பார்கள். தீவுகளில் இறங்கும்போது மட்டும் அமெரிக்க டொலர் சின்னத் தாள்களாகக் கையில் இருக்கட்டும். முதலாவதை அப்பா கடைசிவரை நம்பவில்லை. இரண்டாவதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

மாற்றி வந்த தாள்களைப் பிரித்துத் தன் காலுறைக்குள்ளும் அம்மாவின் கைப்பையிலும் என் பென்சில் பெட்டியிலும் ஒளித்தார். மூன்று பாஸ்போட்டுகளும் ஒரு துணிப்பையில் அவருடைய சட்டைக்குள் இருந்தன. "உங்களைப் பிடிச்சு உலுப்பினால் ஒரு பாங்கே கொட்டும்" என்று அம்மா பகிடி பண்ணினார்.

மூன்றாம் நாள் ஒரு தீவில் இறங்கினோம். அதன் பெயர் மறந்துவிட்டது. இளநீர் விற்றவர் அமெரிக்கத் தாளை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தீவுக் காசில் தந்தார். அப்பா அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"உது ஸ்காபரோவிலை போகுமே?"

"எங்கடை காசிலை மாதிரி மகாராணியின்ரை படம் கிடக்கெல்லோ, போகும்" என்றார் அம்மா. அந்த நியாயத்தை அப்பா ஒப்புக்கொண்டு தாளை மடித்து வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

நாலரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். நாங்கள் துறைமுக வாசலுக்கு வந்தபோது நாலேகால். சீருடை போட்ட காவலர் ஒருவர் ஒவ்வொருவரின் காட்டையும் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் கை வைத்தேன். என் காட் இல்லை. கடலில் குளித்தபோது கழன்று போயிருக்க வேண்டும். கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். அழாத குறையாக அப்பாவிடம் சொன்னேன்.

ஒரு குடையைத் தொலைத்தாலே ஒரு கிழமைக்கு ஏசுகிற மனிதர் இதற்கு ஏசவில்லை. என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்தினார். துணிப்பையிலிருந்து என் பாஸ்போட்டை எடுத்தார். இருபது டொலர் தாள் ஒன்றை நாலாக மடித்து, படம் இருக்கும் பக்கத்தில் வைத்து மூடினார். கையைப் பார்க்காமலே செய்தார். பலமுறை செய்து பழகியவர் செய்வதுபோல் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடையில் பத்துச் சதம் கூடுதலாகத் தந்துவிட்டார்கள் என்று காரைத் திருப்பிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்த அப்பா இவர். லஞ்சத்துக்குத் தமிழில் என்ன சொல் என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்காகச் சிறைக்குப் போவார்கள் என்பது தெரியும்.

"அப்பா, இட்ஸ் இல்லீகல். பொலிஸ் பிடிக்கும்."

"பேசாமல் வா, பிள்ளை."

காவலர் பாஸ்போட்டை விரித்தார். தாளை எடுத்து, சிரித்துக்கொண்டே அப்பாவிடம் நீட்டி, உங்கள் காசு உள்ளே இருந்துவிட்டது என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்ல மனிதர், மறந்து வைத்தது என்று நினைத்துவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் குனிந்து காலுறைக்குள் கைவிட்டு, அகப்பட்ட தாள்களையெல்லாம் இழுத்தெடுத்துக் காவலரின் முன்னால் நீட்டினார். 

"பிளீஸ் சேர். ஷீ இஸ் மை டோட்டர்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. நான் முன்னால் வந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், இவருக்கு இதெல்லாம் தெரியாது என்று என் சுத்தமான கனடா ஆங்கிலத்தில் சொன்னேன். காவலர் இப்போது சிரிக்கவில்லை. அப்பாவின் விரல்களை அந்தக் காசோடு சேர்த்து மெல்ல மடக்கிவிட்டார். கப்பலுக்குப் போன் எடுத்து என் பெயரைச் சொன்னார். இரண்டே நிமிஷம். உள்ளே போங்கள், புதுக் காட் தருவார்கள் என்றார்.

சாப்பாட்டு மேசையில் நான் அப்பாவுக்கு வகுப்பு எடுத்தேன். ஊர்ப் பழக்கத்தை ஊரோடு விட்டுவிட்டு வரவேண்டும் என்றுகூடச் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, பிழைதான்" என்றார் அப்பா. அம்மா தன் மீன் துண்டை எடுத்து அவருடைய தட்டில் வைத்தார்.

சித்தப்பாவின் கதையை அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான். யுத்த காலத்தில் அப்பாவும் அவருடைய தம்பியும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று, தம்பியிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. இராணுவச் சோதனைச் சாவடியில் அப்பா தன் அட்டைக்குள் காசை மடித்து வைத்து, இரண்டு பேருக்குமாக நீட்டினார். அங்கே நின்றவன் காசைச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். தம்பியை மட்டும் ஒரு பக்கமாக நிற்கச் சொன்னான். அதற்குப் பிறகு சித்தப்பாவை யாரும் காணவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கலாம் என்று அப்பா வருஷக்கணக்காகப் புலம்பினாராம்.

அந்தத் தீவில் காசு திரும்பி வந்தபோது, தப்பினோம் என்று நான் மூச்சுவிட்டேன். அந்த நேரத்தில் அப்பா என்னைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.