வாய் திறக்காத கேஸ்

எண்ணூரில் கவுன்சலிங் செய்யும் எனக்கு, என் கேஸ்களைக் கேட்டு வழிகாட்ட ராயபுரத்தில் ஒரு சூப்பர்வைசர் அம்மா இருந்தார். கலைந்த கொண்டை, கையில் பெரிய ஆம்பளை வாட்ச். நான் இங்கிலீஷில் பீற்றினால் கூச்சமில்லாமல் கொட்டாவி விடுவார்.

மகனைப் பறிகொடுத்த கிரேன் ஆபரேட்டர் ஒருவர் வாராவாரம் வந்து, வாயே திறக்காமல் போய்க்கொண்டிருந்தார்.

“வேற யார்கிட்டயாவது அனுப்பிடட்டுமா மேடம்?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“அவரு கரீட்டா வந்துகினுதான கீறாரு? கம்முனு குந்த முடியாத பேஜாரு உனுக்குத்தான் கீது.”

அந்த வாரம் நானும் பேசாமல் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து அந்த ஆபரேட்டர், “இன்னா மேடம், ஒடம்பு சரியில்லியா?” என்றார். அப்புறம் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“பாத்தியா, அவரு நல்ல கவுன்சலரு!”

அப்படியானால் நான் யார் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.