ஓக்கி வீட்டு ஓசி கேஸ்

ஓக்கி கட்லிப்புக்கு ‘ஓகே’ மாதிரி ஒலிக்கும் அந்தப் பெயரை வைத்தது அவருடைய அம்மா. மற்றபடி அவர் வாயிலிருந்து ‘ஓகே’ என்ற சொல் வந்ததாக மேற்கு வர்ஜீனியாவின் லாரல் ரன் பள்ளத்தாக்கில் யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில் மேலதிகாரி பாதையை மாற்றச் சொன்னார், ‘முடியாது’ என்றார். சர்ச்சில் பாட்டுக் குழுவில் சேரச் சொன்னார்கள், ‘முடியாது’ என்றார். கல்யாணப் பேச்சை எடுத்ததே அவர் மனைவி டெல்ஃபியாதான். அதற்கும் முதலில் ‘முடியாது’ என்றுதான் சொன்னாராம், பழக்கதோஷம். கெட்ட மனுஷர் இல்லை. வறட்டுப் பிடிவாதம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆள் பெருமையடித்துக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு விஷயம் இருந்தது. அது ஓசி கேஸ்.

அவருடைய தாத்தா காலத்தில் ஒரு கம்பெனிக்காரன் வந்து மேட்டில் கிணறு தோண்டினான். ஒப்பந்தம் இதுதான்: கிணற்றில் கேஸ் வருகிற வரைக்கும் நிலத்துக்கு அடியில் இருப்பதெல்லாம் கம்பெனிக்கு. அதை எடுக்க நிலத்தில் எங்கே வேண்டுமானாலும் ரோடு போடலாம், தோண்டலாம். பதிலுக்குத் தாத்தாவுக்குச் சின்னதாக ஒரு பங்கு, அதோடு வீட்டுக்கு எவ்வளவு எரித்தாலும் கேஸ் ஓசி. தாத்தா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கின. பெரிய குழாய் துருப்பிடித்து மண்ணானது. பங்கு நின்றுபோனது. கிணறு மட்டும் ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்துக்கொண்டே கிடந்தது. அந்த இழுப்பு ஒரே ஒரு மெல்லிய குழாய் வழியாக ஓக்கி வீட்டு அடுப்புக்கு வந்துகொண்டிருந்தது.

வந்ததை ஓக்கி எப்படி எரித்தார் தெரியுமா? வாசலில் ஒரு கேஸ் விளக்கு, பட்டப்பகலிலும் எரியும். பனி கொட்டுகிற ஜனவரியில் வீட்டுக்குள் வெக்கை தாங்காமல் ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, பனியனோடு உட்கார்ந்து தர்பூசணி இல்லையே என்று வருத்தப்படுவார். கோழிகளுக்குத் தனி ஹீட்டர். யாராவது அடுப்பை அணைக்கப் போனால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“சும்மா வர்றத எதுக்குய்யா அணைக்கிற? எங்க வீட்டுல தீக்குச்சியே வாங்குறதில்ல, தெரியுமா? அணைச்சாத்தானே பத்த வைக்கணும்!”

இலையுதிர் காலம் வந்தால் ஊரே அங்கேதான். ஆப்பிளை இரவல் அண்டாவில் போட்டு நாள் முழுக்கக் கிண்டி ஜாம் காய்ச்சுவார்கள். டெல்ஃபியாவின் தம்பி ஹோப் தன் வீட்டில் காபிகூடப் போடுவதில்லை. அக்கா வீட்டுக்கு வந்துதான் குடிப்பான். பனிப்புயலில் கரண்ட் போனால் குழந்தை குட்டியோடு எல்லோரும் ஓக்கி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர் நடுக்கூடத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். கட்லிப் குடும்பத்தில் யாரும் புதுக் கார் வாங்கியதில்லை, காலேஜ் போனதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டும்படி அவர்களிடம் இருந்தது அந்த நெருப்பு ஒன்றுதான்.

அப்போதுதான் பாறைக்கு அடியில், வெகு ஆழத்தில், கேஸ் கொட்டிக் கிடக்கிறது என்று கம்பெனிகள் பள்ளத்தாக்குக்குள் படையெடுத்தன. பளபளவென்று பூட்ஸ் போட்ட ஆட்கள் வீடு வீடாகப் போய், சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கொடுத்த ஆப்பிள் கேக்கையெல்லாம் சாப்பிட்டு, “கையெழுத்துப் போடுங்கம்மா” என்றார்கள். நேற்றுவரை கிழிந்த சட்டை போட்டவனெல்லாம் புது டிரக்கில் சுற்றினான். ஓக்கி வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. ‘முடியாது’ சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தவருக்கு அது பெரிய அவமானம்.

கடைசியில் ஒருவன் வந்தான். பெயர் பிரென்ட் ஹால்ஸி, ஓக்லஹோமாக்காரன். அவன் கையெழுத்துக் கேட்கவில்லை. டிரக்கின் பின்னாலிருந்து சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெரிய புத்தம் புது கேஸ் ஹீட்டரை இறக்கினான்.

“கம்பெனியோட அன்பளிப்புங்கய்யா. குளிர் வருதில்ல. நல்லா எரிங்க.”

“பாத்தியா டெல்ஃபியா,” என்றார் ஓக்கி, வாயெல்லாம் பல்லாக. “மனுஷன் அருமை தெரிஞ்ச கம்பெனி!”

டெல்ஃபியா ஹீட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிரென்ட்டுக்குக் கறி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டியும் காபியும் கொடுத்தார். பேச்சுவாக்கில், வருகிற வசந்தம் போய் அடுத்த வசந்தத்தில் துளைபோடுகிற ரிக் வந்துவிடும், கீழே உங்கள் பள்ளத்துப் புல்வெளியில்தான் தோண்டப்போகிறோம் என்றான் அவன். சமதரையாக இருக்கிறது, ஜல்லி கொட்டி நிரவ வசதி.

ஓக்கியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. லாரல் ரன்னில் கீழே விழுந்த ஆப்பிள் உருளாமல் நிற்கிற ஒரே இடம் அந்தப் புல்வெளி. மற்றதெல்லாம் செங்குத்து, அங்கே மேய்கிற மாட்டுக்கு ஒரு பக்கக் கால் குட்டை என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவருடைய மாடுகளுக்குப் பனிக்காலம் முழுக்க வைக்கோல், அங்கே அறுத்துக் காயவைக்கிற புல்தான். அது போனால் மாடு போச்சு, மாடு போனால் இந்த மலையில் அவருக்கு என்ன வேலை?

“முடியாது,” என்றார்.

“உங்களைக் கேக்கவே வேண்டியதில்லைங்கய்யா,” என்றான் பிரென்ட் மரியாதையாக. “உங்க தாத்தா அப்பவே எழுதிக் குடுத்துட்டாரு. அது இன்னும் உயிரோட இருக்கு.”

வாழ்க்கையில் முதல் முறையாக அவருடைய ‘முடியாது’ செல்லாக்காசாகிப் போனது. டெல்ஃபியாதான் காபிக் குடுவையோடு வந்து, ரொம்ப அப்பாவியாகக் கேட்டார்:

“ஏன் தம்பி, பத்து பைசா பங்கு குடுக்காத கம்பெனி சும்மா ஹீட்டர் குடுக்குதே. நாங்க இந்த கேஸை எரிக்கலைன்னா உங்களுக்கு என்ன ஆகும்?”

பிரென்ட் முகத்தில் ஈயாடவில்லை. காபியை வாய்க்குப் பதில் சட்டையில் குடித்தான். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கம்மா... நீங்க எரிங்க, தாராளமா எரிங்க...” என்று சொல்லிக்கொண்டே தொப்பியைக்கூட மறந்து கிளம்பினான்.

மறுநாள் டெல்ஃபியா டவுனுக்குப் போய் வக்கீலம்மாவைக் கேட்டு வந்தார். விஷயம் இதுதான்: கிணற்றிலிருந்து ஏதாவது வெளியே வருகிற வரைக்கும் ஒப்பந்தத்துக்கு உயிர் உண்டு. ஒரு வருஷம் முழுக்க ஒரு மூச்சுக்கூட வராமல் கிடந்தால் ஒப்பந்தம் செத்தது. இப்போது அதில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது ஓக்கி வீட்டு அடுப்பும் வாசல் விளக்கும் கோழி ஹீட்டரும்தான்.

“அப்ப இத்தன வருஷமா...” என்றார் ஓக்கி.

“ஆமாய்யா. அந்தக் கம்பெனிய நீதான் உக்காந்து தீனி போட்டு வளத்திருக்க. பனியனோட.”

சாயங்காலம் இருவரும் மேட்டுக்கு ஏறினார்கள். கிணற்று வால்வைத் திருகி மூடியது ஓக்கிதான். கீழே வாசல் விளக்கு சுருங்கி, நீலமாகி, போய்விட்டது. அந்த வாசலை இருட்டில் அவர் பார்த்ததே கிடையாது. மனுஷர் குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். டெல்ஃபியாவுக்கும் பாவமாக இருந்தது. ஆனால் அவருக்குப் புருஷனைத் தெரியும். வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தப் பனிக்காலத்தை ஓக்கி சபிக்காத நாளில்லை. தொழுவத்தில் துருப்பிடித்துக் கிடந்த விறகு அடுப்பைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார்கள். அது ஒரு மணி நேரம் புகை, பத்து நிமிஷம் சூடு. ஓக்கி கோட்டு மேல் கோட்டு போட்டுக்கொண்டு, நடக்கிற மூட்டை மாதிரி அலைந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கை போட டெல்ஃபியா பையைத் திறக்க, இரும்புக் கைப்பிடி தட்டில் ‘டங்’கென்று விழுந்தது. பாதிரியார் அதையும் சேர்த்து ஆசீர்வதித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஹோப் வந்து தலையில் அடித்துக்கொண்டான். “மச்சான், காபிக்கு நான் எங்க போறது?”

“உன் வீட்டுக்குப் போ, மாப்ளே. அங்க அடுப்புன்னு ஒண்ணு இருக்காம்.”

பிரென்ட் ஹால்ஸி விடவில்லை. மறந்துபோன தொப்பியை எடுக்க வந்ததாக மூன்று முறை வந்தான். மூன்று முறையும் மறந்துவிட்டுப் போனான். குழாயில் ஏதாவது கோளாறா, ஓசியில் சரி செய்து தருகிறேன் என்றான். ஒரு முறை ஒரு பானை நிறைய மான்கறிக் குழம்பு கொண்டுவந்து, “கொஞ்சம் சூடு பண்ணிச் சாப்பிடுங்க” என்று பல்லிளித்தான். டெல்ஃபியா அவன் கண்ணெதிரிலேயே ஆறிய குழம்பை நாய்க்கு ஊற்றினார்.

பிப்ரவரியில் ஐஸ் மழை வந்தது. மரக்கிளைகள் முறிந்து விழுந்து கரண்ட் கம்பியெல்லாம் அறுந்தது. இருட்டுவதற்குள் வழக்கம்போல ஊர் ஓக்கி வீட்டு வாசலில் நின்றது. போர்வை போர்த்திய குழந்தைகள், சக்கர நாற்காலியில் கிழவி வேவா, எல்லோருக்கும் முன்னால் பல் தந்தியடிக்க ஹோப். உள்ளே விறகு அடுப்பில் கடைசிக் கட்டை கனன்றுகொண்டிருந்தது. வெளியே அடுக்கிய விறகெல்லாம் ஐஸ் மூடிப் பாறையாகிவிட்டது.

“இன்னிக்கு ஒரு நாள் தொறந்து விடு மச்சான்,” என்றான் ஹோப். “எவன் பாக்கப்போறான்? உன் பீத்தப் புல்லுக்காகப் பிள்ளைங்க வெறைச்சுச் சாகணுமா?”

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. டெல்ஃபியா பையைத் திறந்து, கைப்பிடியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் ஓக்கி. நீயே பாத்துக்க.”

ஓக்கி கைப்பிடியைப் பார்த்தார். குழந்தைகளைப் பார்த்தார். இத்தனை வருடமும் கதவைத் தட்டியவர்களை அவர் ஒருநாளும் குளிரில் விட்டதில்லை. இப்போது திறந்தால் பிரென்ட்டுக்குத் தெரியாமலே போகலாம். ஆனால் ஊருக்குத் தெரியும். ஹோப் வாயில் எது தங்கியிருக்கிறது? எழுந்தார். கைப்பிடியைத் தொடாமல் கோடரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் படார் படார் என்று சத்தம். அப்புறம் ஒரே கொக்கரிப்பு. பதினேழு கோழிகளும் சமையலறைக்குள் ஓடிவர, அவற்றின் பின்னால், நன்றாகக் காய்ந்த பலகைகளைக் கைநிறைய அணைத்துக்கொண்டு ஓக்கி வந்தார்.

“கோழிக்கூடு,” என்றார். “ஹோப்பு, வாய்க்கு லீவு விட்டுட்டு மீதிய எடுத்துட்டு வா. கரண்ட் வர்ற வரைக்கும் எல்லாரும் இங்கதான். வேவா அத்தை, மடியில ஒரு கோழிய வெச்சுக்குங்க, கதகதன்னு இருக்கும்.”

கூடு தீர்ந்ததும் கழிப்பறைக் கொட்டகை, அது தீர்ந்ததும் வைக்கோல் வண்டியின் அடிப்பலகை. யாரும் விறைக்கவில்லை. கோழிகள்தான் பைபிள் மேல் அசிங்கம் பண்ணிவிட்டன. ரோடு திறந்ததும் முதல் ஆளாக வந்தவன் பிரென்ட். புகைபோக்கியைப் பார்த்து அவன் கண்ணில் அப்படி ஓர் ஆசை.

“கேஸா?” என்றான்.

“கக்கூஸ்,” என்றார் ஓக்கி.

வருஷம் முடிந்தது. ஒப்பந்தம் செத்தது என்று வக்கீலம்மா கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார். கம்பெனி கொஞ்சம் குதித்துப் பார்த்து அடங்கியது. அடுத்த இலையுதிர் காலத்தில் பிரென்ட் ஹால்ஸி அதே சமையலறை மேஜைக்கு, இந்த முறை புதுப் பத்திரத்தோடும் இறங்கிய தோள்களோடும் வந்தான். ஓக்கி சொன்னது ஒன்றே ஒன்று: புல்வெளியில் ஒரு ஜல்லிக் கல்கூட விழக்கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் தோண்டி, அடியில் எப்படி வேண்டுமானாலும் வளைந்து போய்க்கொள். பிரென்ட் தலையாட்டி எழுதிக்கொண்டான். நல்ல பங்கும் எழுதினான். பிறகு பேனாவை நிறுத்தி, ஆழம் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான்.

“உங்க மனசு எனக்குத் தெரியாதாங்கய்யா? வீட்டுக்கு கேஸ். கிணத்துல வர்ற வரைக்கும் ஓசி. எழுதிரட்டுமா? ஓகேவா?”

அடுப்படியில் நின்ற டெல்ஃபியா கரண்டியை அசைக்கவில்லை. ஓக்கியின் கண் ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக வாசல் விளக்குக் கம்பத்துக்குப் போனது. அதன் கண்ணாடிக்குள் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. நெடுநேரம் அதையே பார்த்தார். அப்புறம் எழுந்து, சுவரோரம் போய், தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த மின் விளக்கைப் பட்டென்று அணைத்தார்.

“பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு? உங்கப்பன் வீட்டு கரண்டா? காசு குடுத்து எரிக்கிறேன்யா.” உட்கார்ந்தார். “கேஸு... முடியாது.”

“அதை அடிச்சிடு தம்பி,” என்றார் டெல்ஃபியா.

பிரென்ட் அந்த வரியை அடித்தான். ஓக்கி பேனாவை வாங்கிக் கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினார். மங்கிய வெளிச்சத்தில் எங்கே எழுதினார் என்று தெரியாமல் பிரென்ட் குனிந்து தேட, டெல்ஃபியா வந்து திரையை விலக்கிவிட்டார். கீழே புல்வெளியில், அறுத்துச் சுருட்டிய வைக்கோல் உருளைகள் வைத்த இடத்திலேயே உருளாமல் கிடந்தன.