தேக்குக் கதவு வைத்த டி.வி.

எங்கள் தெருவில் முதலில் டி.வி. வாங்கியவன் நான்தான். கார் வைத்திருந்த வக்கீல் வீட்டில்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. இதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன். மீதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, தியாகராய நகரில் பாத்திரக் கடையில் வேலைக்கு நின்றேன். பத்து வருஷத்தில் அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். மந்தைவெளியில் வீடும் கட்டினேன். ஒரு குடத்தைத் தூக்கி விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், பித்தளை என்ன தரம், எந்த இடத்தில் பற்றவைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அந்தத் தட்டில் நான் தோற்றதே கிடையாது. டி.வி.யையும் அப்படித்தான் வாங்கினேன்.

அந்த வருஷம் என் மனைவிக்கு நெஞ்சு பலவீனப்பட்டுப் போயிருந்தது. நாலு எட்டு நடந்தால் இரைக்கும். உள் அறையில் அடைத்து வைக்க வேண்டாம், காற்று படுகிற இடமாகப் பார்த்துப் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் முன்வராண்டா ஒன்றுதான். இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அதற்கு மேல் கம்பியும் கண்ணாடிச் சன்னலும் வைத்து அடைத்திருந்தேன். அங்கே ஒரு இரும்புக் கட்டிலைப் போட்டோம். சாய்ந்தபடியே தெருவைப் பார்க்கலாம். கீரைக்காரியோடு சன்னல் வழியாகவே பேரம் பேசுவாள். மார்கழியில் பனிக்காற்று உள்ளே வரும். என் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொள்வாளே தவிர, சன்னலைச் சாத்த விடமாட்டாள். அங்கே படுத்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இது வேண்டும் அது வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்காதவள், ஒரு நாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"ஏங்க, டி.வி.ன்னு ஒண்ணு வந்திருக்காம்லா. சின்னதா ஒண்ணு வாங்கித் தாங்களேன். பக்கத்துல ஸ்டூல்ல வச்சுக்கிட்டுப் படுத்த மேனிக்குப் பாத்துக்கிடுவேன்."

அன்றைக்கே மவுண்ட் ரோடு போனேன். பகல் பதினொரு மணி. டி.வி. நிலையத்தில் சாயங்காலம்தான் படம் விடுவார்கள். கடையில் இருந்த அத்தனை பெட்டியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. ஆறரைக்கு மேல் வந்தால் ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்றார் விற்பனைக்காரர். அதுதான் என் கடையில் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம், இப்போதே காட்டு என்றேன். யார் பார்க்க, எங்கே வைக்க என்று விசாரித்தார். சொன்னேன். உடனே கைப்பிடி வைத்த ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கி வைத்தார்.

"படுத்துக்கினு பாக்கறவங்களுக்கு இதான் சார் சௌகரியம். வராண்டாவுக்கு இது தாராளம்."

தட்டிப் பார்த்தேன். சோப்பு டப்பா மாதிரி சத்தம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, ஓரமாக நின்ற பெரியதைத் தட்டினேன். நாலு கால், இரண்டு பக்கமும் திறக்கிற கதவு, கதவுக்குப் பூட்டு, கண்ணாடி மாதிரி பாலிஷ். நல்ல தேக்கு. சத்தம் கும்மென்று வந்தது. இரண்டிலும் ஒரே படம்தான் சார் வரும் என்று அவர் முணுமுணுத்தார்.

"பாத்திரக்காரன்கிட்ட சரக்கைப் பத்திப் பேசாதீரும். இது தேக்கு. கரையான் ஏறாது. என் பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றேன்.

தூக்கி வந்த இரண்டு பேரும் வாசலில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். "இன்னா நைனா, டி.வி.ன்னு சொல்லி பீரோவைத் தூக்க வுட்டுட்டியே" என்றான் ஒருவன். கட்டிலில் இருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். பெட்டியைப் பார்த்து, "பெரிசா இருக்கே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இவ்வளவு பெரிய டி.வி.யை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார் ஆன்டெனா கட்ட வந்தவர். எட்டடி விட்டால் கட்டிலுக்கு இடமில்லை. டி.வி. நின்ற அதே சுவரை ஒட்டி, அதற்குப் பக்கத்து மூலையில் கட்டிலைத் தள்ளினோம்.

தெருக்காரர்களையும் கடைக்கு வந்தவர்களையும் டி.வி. பார்க்க நான்தான் அழைத்தேன். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கும் வராண்டா நிரம்பி வழிந்தது. அந்த நாட்களில் கடையை ஆளிடம் விட்டுவிட்டு நானும் முன்னதாகவே வந்துவிடுவேன். வாசலில் செருப்பு மலைபோலக் கிடக்கும். தெருவிளக்கு வெளிச்சம் திரையில் விழுகிறது என்று சன்னல்களைச் சாத்துவேன். சாத்தினவன் நான்தான், வேறு யாருமில்லை. அத்தனை பேர் எதிரில் வீட்டுக்காரி கால் நீட்டிப் படுத்திருப்பது மரியாதை இல்லை என்று அவள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். படம் எப்படி என்று நடுவில் கேட்பேன். நல்லா இருக்கு என்பாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை, படம் தொடங்குவதற்கு முன்னால் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஏங்க, என்னை உள்ள கொண்டுபோய் விட்டுருங்க. ஆளுக இருக்கையில எனக்குப் படுக்க வரமாட்டேங்கு."

"வேணும்னா எல்லாரையும் போகச் சொல்லுதேன்."

"வீடு தேடி வந்தவங்கள எப்படிப் போகச் சொல்லுவீய? வேண்டாம்."

அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று தெரிந்தே கேட்டேன். கைத்தாங்கலாக உள் அறைக்குக் கூட்டிப் போய் மரக்கட்டிலில் படுக்க வைத்தேன். நான் திரும்பி வருவதற்குள் இரும்புக் கட்டிலில் நாலு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் வெள்ளியும் ஞாயிறும் மட்டும்தான் உள்ளே. அப்புறம் அங்கும் இங்கும் நடக்கிற நடையே அவளுக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவந்தது. உள்ளேயே தங்கிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்குமே என்று நான் சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

பங்குனியில், அந்த உள் அறையில்தான் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். துக்க வீடு என்று தெருவில் யாரும் டி.வி. பார்க்க வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மட்டும் வராண்டாவில் இருந்தேன். சன்னலையெல்லாம் திறந்தேன். டி.வி. கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு, அவள் கட்டிலில் அவள் தலை வைத்த பக்கமே தலை வைத்துப் படுத்தேன்.

பாட்டு கேட்டது. படம் தெரியவில்லை. திறந்து கிடந்த கதவு குறுக்கே நின்றது. எழுந்து உட்கார்ந்து பார்த்தேன், அப்போதும் கதவுதான். கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கதவின் பாலிஷில் டியூப் லைட் வெளிச்சம் மட்டும் பளபளவென்று விழுந்துகொண்டிருந்தது. நாலு வாரம் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் திருப்புளியை எடுத்து அந்தப் பக்கத்துக் கதவைக் கழற்றினேன். கொஞ்ச நாளில் தெருக்காரர்கள் மறுபடியும் வர ஆரம்பித்தார்கள். ஒரு கதவு எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன்.

தேக்கில் கரையான் ஏறுமா என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.