மடியும் கொக்கிப்புழுவும்

பிறர் வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஸ்ரீவராகத்தில் ஒரு சின்ன லேபில் மைக்ராஸ்கோப் பார்க்கிறேன். மலப் பரிசோதனை டப்பாவை நீட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? கவலை வேண்டாம், வாங்கும் நானும் அதே சுவரைத்தான் பார்ப்பேன்.

பட்சணப் பை

அலமேலு மாமிக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்துக் கிடந்தது. ரத்தம் எங்கோ போகிறது, குடலில் கட்டியாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மகள் கோமதிக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் மலத்தைப் பார்த்துவிடலாம் என்று எங்களிடம் அனுப்பினார்கள். நாங்கள் கொடுத்த சின்ன டப்பா கௌரவக் குறைச்சலாகப் பட்டதோ என்னவோ, மாமி ஒரு காப்பிப்பொடி பாட்டில் நிறைய, பட்சணக் கடைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். இத்தனை எதற்கு மாமி என்றேன்.

"போறலேன்னா சொல்லு, நாளைக்கும் கொண்டு வரேன்."

லதாவின் செருப்பு

ஸ்லைடில் கொக்கிப்புழு முட்டைகள் கும்பலாகக் கிடந்தன. குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற இனம். ரத்தம் குறைந்தது இதனால்தான் என்று டாக்டரும் சொல்லிவிட, கோமதி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். புழுவுக்காக ஒருத்தி ஆனந்தக் கண்ணீர் விட்டு அன்றுதான் பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியது.

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். வீட்டு வேலைக்கு வரும் லதாவிடமிருந்துதான் ஒட்டியிருக்கும் என்று அவளையும் சோதனைக்கு இழுத்து வந்தார். லதாவுக்கு ஒன்றுமில்லை. இது ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும் புழு என்று விளக்கினேன். லதா தன் ரப்பர் செருப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்.

"குளிச்சிட்டு மடின்னு சொல்லி மாமி வெறுங்காலோட அல்லே கொல்லையிலே பூப்பறிக்கிறது? செப்டிக் டேங்க் வழியற இடமாக்கும் அது."

ரப்பர் மரம்

மாத்திரை கொடுத்தாயிற்று. ஆனால் வெறுங்காலோடு கொல்லையில் இறங்கினால் புழுவும் திரும்ப ஏறும். செருப்புக் காலோடு பறித்த பூவைப் பகவானுக்குச் சாத்துவதா என்று மாமி லேபிலேயே வாதாடினார். "பூ இல்லாட்டாலும் பகவான் இருப்பார்மா. நீ இல்லாட்டா எனக்கு யார் இருக்கா?" என்றாள் கோமதி.

மறுபடி சோதனைக்கு வந்தபோது முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. மூச்சு வாங்காமல் படியேறி வந்தார், காலில் புது நீலச் செருப்பு. மடி என்ன ஆயிற்று மாமி என்று கேட்டேன்.

"இது தோலா என்ன? மரத்துப் பால்தானேடி. துளசி மாதிரி இதுவும் செடிகொடி வகைதான்."

ஆக, யார் சொல்லியும் அசையாத ஆசாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டை அசைத்துவிட்டது. அந்தப் பெருமையை ரிப்போர்ட்டில் எந்த இடத்தில் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.