புதைக்காத சோழிகள்

எதிர் வீட்டுப் பெண் போன வாரம் ஒரு பேனா ஸ்டாண்டோடு வந்தாள். எங்கள் அடுக்ககத்தில் கிறிஸ்மஸுக்குச் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுக்கும் பழக்கத்தை இந்த வருஷம் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். என் பேர் அவளுக்கு விழுந்ததாம். கையால் செய்தது என்று இரண்டு தரம் சொன்னாள். சோழி, பசை, அட்டை எல்லாம் ஒரே பெட்டியாக ஆன்லைனில் வந்துவிடுகிறது, ஒட்டுவது மட்டும்தான் நம் வேலை. நல்ல பெண். நான் செய்த காரியம்தான் நன்றாக இல்லை. நன்றி சொல்வதற்கு முன்னால் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டேன். "என்ன ஆன்ட்டி, ஸ்மெல் ஏதாவது வருதா?" என்று கேட்டாள், முகம் சுருங்கிப்போய். இல்லையம்மா, பழக்கம் என்று சமாளித்தேன்.

பழக்கம் என்றது பொய்யில்லை. ஐம்பது வருஷமாகச் சோழியைக் கண்டால் எனக்கு மூக்குதான் முதலில் போகிறது. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் அந்த ஆபீஸில் இருந்தவர் இல்லை, அது எனக்கு ஒரு வசதி.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. வேலை நிரந்தரமாகவில்லை, ஜனவரியில் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று காகிதத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும் என்பதால் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சங்கு, வெயிட்டுக்கு. மேனேஜர், பெரிய கிளார்க் அண்ணாச்சி, கணக்கு பார்க்கும் சார், நான், எனக்குப் பக்கத்து மேஜையில் பிலோமினா. அவ்வளவுதான் ஆபீஸ்.

பிலோமினா புன்னைக்காயல்காரி. முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வந்த முதல் ஆள் அவள். கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரியும், சேலையில் சோப்பு வாசம் தூக்கும். கொஞ்சம் அதிகம்தான் என்று நான் மனதுக்குள் கேலி செய்ததுண்டு. எதற்காக அத்தனை பவுடர் என்று யோசித்ததில்லை.

யோசித்திருக்க வேண்டியவள் நான்தான். என் தாத்தாவும் கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குப் போனவர். அப்பா துறைமுகத்தில் கிளார்க் ஆனதும் கடலை அடியோடு மறந்தார், எங்களையும் மறக்க வைத்தார். திரேஸ்புரம் கரை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட அவர் விடமாட்டார். ஆபீஸில் யாராவது கேட்டால் "அப்பா போர்ட்ல இருக்காங்க" என்பேன். அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டேன்.

டிசம்பர் பிறந்ததும் மேனேஜர் ஒரு மூலையில் கிறிஸ்மஸ் குடில் வைப்பார். பனிக்குப் பதிலாக உப்பளத்து உப்பைக் கொட்டுவோம். கடற்காற்றுக்கு அது கசிந்து, கிறிஸ்மஸ் வருவதற்குள் ஆடு மாடெல்லாம் ஈரத்தில் நின்றுகொண்டிருக்கும். அந்த வருஷம் நவம்பர் தொடக்கத்திலேயே சீட்டுக் குலுக்கியிருந்தோம். கடையில் வாங்கக் கூடாது, கையால் செய்ய வேண்டும் என்பது மேனேஜர் போட்ட ஒரே சட்டம். பொட்டலத்தில் வாங்குகிறவர் பேர் மட்டும் எழுதி, பத்து நாள் முன்னாலேயே குடிலுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். யார் கொடுத்தது என்பது பிரிக்கிற அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு விழுந்த பேர் பெரிய கிளார்க் அண்ணாச்சி. ஜனவரியில் என்னைப் பற்றி மேனேஜரிடம் நல்ல வார்த்தை சொல்ல வேண்டியவர் அவர். அசத்திவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

காலியான சுருட்டுப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. மூடி முழுக்கச் சோழி பதித்து, நடுவில் ஒரு வால் நட்சத்திரம் வைப்பது என் திட்டம். கரையில் ஒதுங்குகிற சோழி வெளுத்துச் சுண்ணாம்பாக இருக்கும். எனக்கு மினுமினுப்பானது வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் திரேஸ்புரம் போய், வலை உதறுகிற இடத்தில் கேட்டேன். வலையில் மாட்டி வந்ததை ஒருவர் பை நிறையக் கொடுத்தார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தைபோல ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. உயிரோடு இருந்ததால்தான் அந்தப் பளபளப்பு என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். துறைமுகக் கிளார்க் மகளுக்குத் தெரியவில்லை. சோப்புத் தண்ணீரில் அலசி, ஒரு நாள் வெயிலில் காயப்போட்டு, வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஒட்டிவிட்டேன். லேசாக ஒரு வாடை வந்தது. வஜ்ஜிரம் அப்படித்தான் நாறும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் பார்த்துவிட்டு, கடையில் வாங்கினதுபோல இருக்கிறது என்றாள்.

பொட்டலம் குடிலுக்கு அடியில் போன மூன்றாம் நாள் ஆபீஸ் நாறத் தொடங்கியது. எலி செத்திருக்கும் என்று பீரோவை நகர்த்திப் பார்த்தார்கள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். நாற்றம் குடில் பக்கமாக வந்தது. குடிலை ஒட்டி இருந்தது பிலோமினாவின் மேஜை.

மதியச் சாப்பாட்டில் கருவாடு இருக்கும் என்றார் அண்ணாச்சி. பிலோமினா தூக்குச்சட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். சோறும் தேங்காய்த் துவையலும் இருந்தன. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப சேலைன்னு நெனச்சு வலையச் சுத்திக்கிட்டு வந்துட்டியாளா?" என்றார். கணக்கு சார் சிரித்தார். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். பிலோமினா தூக்கை மூடிக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

வேடிக்கை என்ன தெரியுமா, சிப்பியை மலைமலையாகக் குவித்து அழுகவிட்டு, அந்த அழுகலைக் கழுவி முத்து எடுத்த ஊர் இது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அந்த நாற்றத்தில்தான் ஊரே பணம் பார்த்தது. அதையெல்லாம் இன்றைக்கு நான் எடுத்துப் பேசலாம். அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு குடிலுக்கு முன்னால் குனிந்தேன். என் பொட்டலத்தின் அடியில் காகிதம் ஈரமாகி இருந்தது. சோழிக்குள் ஒளிந்திருந்த சதை அழுகி வழிந்திருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். போகிற வழியில் ஓடையில் வீசினேன். அன்று ராத்திரியே அண்ணாச்சிக்கு இரண்டு கைக்குட்டை தைத்து, ஓரத்தில் பூப்போட்டு, அதே மாதிரி காகிதத்தில் சுற்றி அதே இடத்தில் வைத்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சொல்லியிருக்கலாம். அது என் பெட்டி, சோழியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று ஒரு வரி போதும். வேலை போய்விடும் என்ற பயம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. சோழி நாறியதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். அந்த நாற்றம் என்மேல் ஒட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அப்பா கழுவிக் கழுவிப் போக்கியதை நான் ஆபீஸுக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது. அது பிலோமினாமேல் இருந்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. இதை எழுதவே கூசுகிறது.

அவள் அதற்குப் பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பவுடர் இன்னும் கூடியது.

பரிசு பிரிக்கிற நாள் வந்தது. கேக் வெட்டினோம். நாற்றம் போயே போய்விட்டிருந்தது. அண்ணாச்சி மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "பாத்தியளா, சொன்ன பொறவு நல்லாக் குளிச்சிட்டு வாரா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

என் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி. மூடி முழுக்கச் சோழி, வரிசை பிசகாமல், ஈரம் காயாததுபோல் மினுங்கியது. எனக்குச் செய்தது பிலோமினா. அண்ணாச்சி அதை வாங்கி மோந்து பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேக்கை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பினாள். மாடிப்படியில் நானும் கூட இறங்கினேன். பாதிப் படியில் நின்று, மெதுவாகத்தான் சொன்னாள்.

"மூணு வாரம் மண்ணுக்குள்ள பொதச்சு வச்சேம்ளா. எறும்பு தின்னு தீத்துரும். அவிச்சா மினுக்கம் போயிரும், பொதைக்கணும். அடுத்த தடவ நீயும் அப்படிச் செய்யி."

மீன் வாடைக்கும் சோழிச் சதை வாடைக்கும் வித்தியாசம் தெரியாமலா கடற்கரையில் பிறந்திருப்பாள். முதல் நாளே அது சோழி வாடை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாறிய பொட்டலத்தில் இருந்தது அண்ணாச்சி பேர்; அவருக்குக் கைக்குட்டை வந்து, கொடுத்தது நான் என்று ஆனதும், பொட்டலத்தை மாற்றியது நான்தான் என்பதும் தெரிந்துவிட்டது. அப்போதாவது அவள் கையைப் பிடித்திருக்கலாம். "என்னத்தளா சொல்லுத?" என்று கேட்டேன், ஒன்றும் புரியாதவள்போல. என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வீட்டில் அம்மா என் பைக்குள் சோழி மினுங்குவதை மட்டும் பார்த்துவிட்டு, யாருக்கோ செய்தது என்றாயே என்று கேட்டாள். நல்லா வந்திருந்தது, நானே வச்சுக்கிட்டேன் என்றேன். பொய் ஒன்று வந்துவிட்டால் அடுத்தது தானாக வருகிறது.

ஜனவரியில் எனக்கு வேலை நிரந்தரமானது. கோடை வருவதற்குள் பிலோமினா கல்யாணமாகி பம்பாய் போனாள். சில வருஷம் கழித்து மாதா கோயில் தேருக்குக் கூடிய கூட்டத்தில் அவளைப் பார்த்தேன், இடுப்பில் பிள்ளையோடு. அவள் என்னைப் பார்ப்பதற்குள் மெழுகுவத்திக் கடைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். பிறகு பார்க்கவே இல்லை.

அந்தக் கட்டிடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. மாடிப்படியை இடித்து லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். வலையில் அந்த மாதிரிச் சோழி இப்போது வருவதில்லையாம். சோழிப் பெட்டி மட்டும் என் அலமாரியில் இருக்கிறது, ஒரு சோழிகூட உதிரவில்லை. எதிர் வீட்டுப் பெண் போன பிறகு அதை எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. மேனேஜர் போய்விட்டார், கணக்கு சாரும் போய்விட்டார். பெரிய கிளார்க் அண்ணாச்சியின் அடக்கத்துக்கு நானே போயிருந்தேன். அன்றைக்கு நாறியது பிலோமினா இல்லை, நான்தான் என்று இனி அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது. மூன்று பேரும் அது அவள்தான் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.