எங்கள் ஊருக்கு வேண்டியவை, ஒரு பக்கத்துக்குள்

ஒரு ஊரின் குறைகளையெல்லாம் மரியாதையான வசனங்களாக மாற்றுவதுதான் என் உத்தியோகம். கண்டியைச் சுற்றியிருக்கும் நகர சபைகளில் ஒன்றில் பதினெட்டு வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். எந்தச் சபை என்று கேட்காதீர்கள், இன்னும் ஓய்வு பெறவில்லை. பிறந்தது கண்டி நகரத்து மஹய்யாவயில். வீட்டில் தமிழ், வீதியில் சிங்களம் என்று வளர்ந்ததால் இந்தக் கதிரை கிடைத்தது.

வருடக் கடைசியில் எங்கள் சபை ஒரு பட்டியல் தயாரிக்கும். காணி, சட்டம், ஆளணி எனப்படும் நிரந்தரப் பதவிகள் என்று சபையின் கைக்கு எட்டாத விஷயங்கள் நிறைய உண்டு. அவற்றை மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள்தான் மேலே பேசி முடித்துத் தர வேண்டும். ‘முன்னுரிமைத் தேவைகள்’ என்று தலைப்புப் போட்டு அவர்களுக்கு அனுப்புவோம். மக்கள் தமிழில் தருவதை நான் சிங்களமாக்குவேன். முடிந்த பட்டியலைத் திரும்பவும் தமிழாக்குவேன். மாகாண சபை உறுப்பினர்களுக்கும் முன்பு பிரதி போகும். தேர்தல் நடக்காததால் இப்போது அங்கே உறுப்பினர்களே இல்லை, விலாசங்கள் மட்டும் அலுவலகக் கோவையில், அதாவது ஃபைலில், இருக்கின்றன. மேலிடத்துக்குக் கடிதம் போட்டுவிட்டுத் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே என் துக்கம் உங்களுக்குப் புரியும்.

பதினோராவது

பட்டியலில் பத்து விஷயங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எங்கள் செயலாளர் அம்மாவின் கட்டளை. பெரியவர்கள் இரண்டாம் பக்கத்தைத் திருப்ப மாட்டார்களாம். ஒரு வருடம் எட்டாவதாக இருந்தது சுத்திகரிப்புத் தொழிலாளர் குடியிருப்புக்கான காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். அதைக் கேட்டு வந்தவர் வீதி கூட்டும் செல்வமணி அக்கா. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் இருக்கிறார்கள். கதவில் இலக்கம் இருக்கிறது, மின்சார மீற்றர் இருக்கிறது, உறுதி மட்டும் இல்லை. பேத்தியை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது பாடசாலையில் கேட்ட முதல் கடதாசியே அதுதான். உறுதி இல்லாமல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

கடைசி நாளில் சபைத் தலைவரான தவிசாளர் ஒரு யோசனையோடு வந்தார். நகர எல்லையில் ஒரு வரவேற்பு வளைவு வேண்டுமாம். அது மூன்றாவதாக ஏறியது. அதன் பின்னால் இன்னும் இரண்டு யோசனைகள் ஏறின. எட்டாவது பதினொன்றாகி, பக்கத்துக்கு வெளியே விழுந்தது. எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன். ஓரத்தைக் குறைத்துப் பார்த்தேன். செயலாளர் அம்மா பேனையால் கோடு போட்டுவிட்டார். மறுநாள் காலையில் செல்வமணி அக்காவை வாசலில் கண்டு, தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

“அந்த வளைவக் கட்டுனா, அதுக்குக் கீழயும் நாங்கதானே சார் கூட்டணும்?”

எதை வெட்டலாம்?

ஒரு முறை பட்டியலைத் தபாலில் போடாமல், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரை நேரிலேயே அழைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. மண்டபத்தைக் கழுவினார்கள். கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டார்கள். மகஜரோடு வந்த ஊரார் ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றரைக்கு உறுப்பினருக்குப் பதிலாக அவருடைய இணைப்புச் செயலாளர் வந்தார். கலகலப்பான மனிதர். எல்லோரையும் கும்பிட்டார்.

ஒவ்வொரு விஷயமாக நான் இரண்டு மொழியிலும் வாசித்தேன். கழிவுநீர்க் கால்வாய்க்கு அனுமதி. மலைச்சரிவில் வீடு கட்டுவதைத் தடுக்கச் சபைக்கு அதிகாரம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருவருக்கு ஆளணி அனுமதி. மனிதர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, பட்டியலை விரலால் மேலிருந்து கீழே தடவினார். கால்வாய் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் கோவையைத் திறந்தேன். அவர் சிங்களத்தில், மெதுவாக, உண்மையான அக்கறையோடு கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்:

“எல்லாம் நல்ல விஷயம்தான் மாத்தையா, ஆனால் இதில் ரிப்பன் வெட்டுகிற மாதிரி எது இருக்கிறது?”

தற்காலிகம்

ராமையா அண்ணன் குப்பை டிரக்டரில் வேலை. உத்தியோகப் பெயர் அமைய ஊழியர், அதாவது தற்காலிகம். அவரைப் போல பதினான்கு பேர். அவர்களை நிரந்தரமாக்க ஆளணி அனுமதி வேண்டும். அது ஒவ்வொரு வருடமும் பட்டியலில் போகும். ஆட்சி மாறினாலும் தவிசாளர் மாறினாலும் அந்த வசனம் மாறவில்லை. எனக்கு அது மனப்பாடம். மழைக்கோட்டு வாங்க அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் ராமையா அண்ணன் என் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “நம்ம லைன் போயிருச்சுங்களா?” என்று கேட்பார். போய்விட்டது என்று சொன்னால் சிரிப்பார்.

நம்பினால் நம்புங்கள், ஒரு வருடம் அனுமதி வந்தது. நான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கராஜுக்கு ஓடினேன். பதினான்கு பேரும் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். முதல் பக்கத்தை நான் வாசித்தபோது யாரோ விசில் அடித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் சுற்றுநிருபம் இணைக்கப்பட்டிருந்தது. நியமனத்துக்கு வயதெல்லை நாற்பத்தைந்து. அந்த வரியையும் வாசித்தேன். பதினான்கு பேரில் மூன்று பேர் மட்டும் தேறினார்கள். ராமையா அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. வேலைக்குச் சேர்ந்தபோது முப்பத்தொன்று. அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையிலிருந்த கடதாசியை எழுத்துக்கூட்டுகிறவரைப் போலப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அப்ப நா இத்தன வருசமா தற்காலிகமாத்தான் கெழவனானேனுங்களா?”

தமிழ்ப் பிரதி

தமிழ்ப் பிரதியை யாராவது வாசிக்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக இருந்தது. செயலாளர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தவிசாளருக்கும் தெரியாது. தமிழ் உறுப்பினர்களின் அலுவலகங்களிலிருந்துகூட ஒரு வார்த்தை வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டாம் வருடம் என்று நினைக்கிறேன், ஒரு துணிச்சல் வந்தது. பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், “இதை வாசித்தவர் தயவுசெய்து மொழிபெயர்ப்பாளரை அழைக்கவும்” என்று போட்டு, என் மேசைத் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன். பிடிபட்டால் விசாரணைதான். யாரும் பிடிக்கவில்லை.

நான்கு மாதம் ஒரு அழைப்பும் இல்லை. மனைவியிடம் சொன்னபோது, “வேற வேல இல்லையா ஒங்களுக்கு?” என்றாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. “ஐயாங்களா? அந்தக் கடதாசியப் படிச்சேனுங்க” என்றது ஒரு குரல். நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். உறுப்பினரா, அவருடைய செயலாளரா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. நாவலப்பிட்டிக்காரர், உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் தேநீர் போடுகிறவர். பழைய கடதாசிகளைக் கட்டும்போது எங்கள் பிரதி கையில் கிடைத்திருக்கிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்திருக்கிறார். உறுப்பினர் வாசித்தாரா என்று கேட்டேன். “மடிச்ச மடிப்புக் கலையலிங்களே” என்றார். பதினெட்டு வருடத்தில் என் தமிழை முழுசாக வாசித்த ஒரே ஆள் அவர்தான். தொலைபேசியை வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கி, ஒரு விண்ணப்பமும் வைத்தார்:

“ஆறாவதா தண்ணி லைன் பத்தி எழுதியிருக்கீங்களே, அது எங்க பக்கத்துக்கும் வேணுங்க, அடுத்த வருசம் எங்களையும் சேத்துக்க முடியுமா?”

அசௌகரியம்

இதைச் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். சிவஞானம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் நகரத்தின் மேற்குச் சரிவில் வீடு கட்டிக்கொண்டு மனைவியோடு இருந்தார். அவர் வீட்டுக்கு மேலே யாரோ விடுதி கட்டுவதற்காக மலையைச் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். சபை கடிதம் எழுதலாம், ஆனால் வேலையை நிறுத்த முடியாது. அந்த அதிகாரம் சட்டத்தில் இல்லை. ஐயா ஒரு கடிதம் கொண்டுவந்தார். கூடவே தன் கையால் கீறிய படம். வெட்டு எங்கே, வெடிப்பு எங்கே, தண்ணீர் எங்கே இறங்குகிறது, கீழே எத்தனை வீடு என்று மையால் அழகாகக் குறித்திருந்தார். கடைசி வசனம்: “இந்த மலை எங்கள் மேல் விழும், நாங்கள் சாவோம்.”

மொழிபெயர்த்து வைத்தேன். செயலாளர் அம்மா வாசித்துவிட்டு, பெரியவர்களைப் பயமுறுத்தும் சொற்கள் வேண்டாம், மரியாதையாக மாற்று என்றார். நான் மாற்றினேன். “பிரதேசவாசிகள் அசௌகரியங்களுக்கு உள்ளாகக்கூடும்” என்று எழுதினேன். நல்ல வசனம் என்று பாராட்டும் கிடைத்தது. பட்டியலில் இரண்டாவதாக அது போனது. “உரிய கவனத்துக்கு எடுக்கப்பட்டது” என்று ஒரு பதிலும் வந்தது. ஐயாவிடம் அந்தப் பதிலைக் காட்டினேன். “அப்ப வாசிச்சிருக்கினம்” என்று சந்தோஷப்பட்டுப் போனார்.

அடுத்த மழையில், பட்டப்பகலில், அந்தச் சரிவு இறங்கியது. ஐயாவின் வீட்டு அம்மா சந்தைக்குப் போயிருந்தார். ஐயா வீட்டுக்குள் இருந்தார். உடலை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த பிறகு அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லது. கோவையில் இருக்கிற ஐயாவின் கடிதத்தைத் தர முடியுமா என்று கேட்டார். மூலப் பிரதியைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. நான் எழுந்து போய்க் கோவையை எடுத்தேன். கழற்றும்போது ஐயாவின் கடைசி வசனமும் அதற்குப் பக்கத்துப் பக்கத்தில் என் வசனமும் கண்ணில் பட்டன. கடிதத்தையும் படத்தையும் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கோவையில் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அம்மா உறையைத் திறந்து பார்த்து, படத்தின் கோடுகளை விரலால் தொட்டுவிட்டு, எனக்கு நன்றி சொன்னார். ஏன் இதுதான் வேண்டும் என்று நான் கேட்காமலே காரணத்தையும் சொன்னார்:

“அவரின்ர கையெழுத்தில வேற ஒண்டும் மிஞ்சேல்லைத் தம்பி, எல்லாம் வீட்டோட போயிட்டுது.”

போன வருடப் பட்டியலில் இந்த வருடத்துக்காகச் செயலாளர் அம்மா நேற்றுத் தந்த ஒரே திருத்தம் திகதியை மாற்றுவதுதான் என்பதால், எங்கள் நகரம் தன் தேவைகளில் உறுதியாக இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.