மூன்று டிகிரித் தொட்டி

டிசம்பர் இருபதாம் தேதி, ஐஸ்லாந்தின் மேற்கு முனையில் இருந்த அந்த மீன் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெய்ன்வோர் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊர் போய்விட்டார்கள்.

அவள் வீட்டில் எல்லோரும் காட் மீன் பிடிப்பவர்கள். கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். விரல் நீளக் காட் குஞ்சுகள் எந்தக் குளிரில் எவ்வளவு மூச்சு வாங்குகின்றன என்று நான்கு மாதமாக அளக்கிறாள். நீர் சூடேறினால் உடம்பு வேகமாக எரியும், இரை அதிகம் கேட்கும். இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று ஊரில் கேட்டால் அவளுக்கு ஒழுங்காகப் பதில் வந்ததில்லை. தன்னையே கேட்டுக்கொள்ளும்போதும் அப்படித்தான்.

மூன்று டிகிரித் தொட்டி மட்டும் பாக்கி. வயிற்றில் இரை இருந்தால் மூச்சு கூடிவிடும் என்பதால் ஐந்து நாள் பட்டினி போட்டிருந்தாள். நாளைக் காலை அளந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கூட்டிப்போக அப்பா தோர்கில்ஸ் வண்டியோடு வந்துவிட்டார்.

அவள் காபி கொண்டுவருவதற்குள், அவர் தன் ரொட்டியிலிருந்த இறாலைப் பிய்த்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"கையைக் காட்டினதும் ஓடி வருதும்மா, பாவம். நாங்க கொல்றவங்கதான், ஆனா பட்டினி போட மாட்டோம். இதுக்கா காலேஜு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பக்கத்துத் தொட்டியில போட்டிருக்கக் கூடாதாப்பா? அது பன்னிரண்டு டிகிரி, ரெண்டு நாள்ல செரிச்சிடும். இந்தக் குளிர்ல அஞ்சு நாள் ஆகும்."

"குளிர்ல கிடக்குதேன்னுதான் இதுக்குப் போட்டேன்."

அவர் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"துளி இறால்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான். நாளைக்கே அளந்து எழுதிவிட்டால் கேட்க ஆளில்லை. அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். பேனா சற்று நின்றது. 'இன்று இரை போடப்பட்டது' என்று எழுதினாள்.

"நீங்க கிளம்புங்கப்பா. நான் இன்னும் அஞ்சு நாள் இருந்து அளந்துட்டுத்தான் வர முடியும். நாளைக்கு ராத்திரி மலைப்பாதையைப் பனி மூடிடும்."

"அம்மாகிட்ட என்ன சொல்ல?"

"மீனுக்குச் செரிக்கலன்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. மிச்ச ரொட்டியை மேசைமேல் வைத்தார். "நீயாவது சாப்பிடு."

வண்டிச் சத்தம் கடலோரமாகத் தேய்ந்தது. இறால் இல்லாத ரொட்டியைத் தின்றபடி அவள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். குஞ்சுகள் அடியில் அசையாமல் கிடந்தன. செவுள்கள் மட்டும் மெல்லத் திறந்து மூடின. அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை.